ஹோம் சிக்னல் தாண்டாதவர்கள்: லிங்கன் பாம்பர் கமாண்ட் மையம்

மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லிங்கனுக்குப் போகலாம் என்றதும் கதீட்ரல் பார்க்கத்தான் என்று நினைத்தேன். மாப்பிள்ளை காரைக் கொண்டுபோய் நிறுத்தியது ஊருக்குத் தெற்கே கேன்விக் குன்றில். 2018இல் திறந்த சர்வதேச பாம்பர் கமாண்ட் மையம் அங்கேதான் இருக்கிறது. பாம்பர் கமாண்ட் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவு.

முதலில் கண்ணில் படுவது துரு நிறத்தில் ஒரு கூர்கோபுரம். கவனிப்பாரில்லை என்று எண்ணிவிடாதீர்கள், அந்த எஃகே அப்படித்தான். உயரம் 31 மீட்டர். அந்தப் பிரிவின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை அவ்வளவு நீளமாம். சுற்றிலும் அதே எஃகில் சுவர்கள், அவற்றில் வெட்டிய கிட்டத்தட்ட 58,000 பெயர்கள், எல்லாம் அந்தப் பிரிவில் உயிர் விட்டவர்கள். வந்தவர்கள் எழுத்துகளின் இடுக்கில் பாப்பிப் பூக்களைச் செருகியிருந்தார்கள்.

பெயர்கள் அகரவரிசையில் இருக்கின்றன. அதுதான் எங்களுக்கு வேலை வைத்தது. லங்காஸ்டரில் ஏழு பேர்: பைலட், இன்ஜினியர், நேவிகேட்டர், குண்டு போடுபவர், வயர்லெஸ்காரர், மேலே ஒரு துப்பாக்கிக்காரர், வாலில் ஒருவர். ஒன்றாக விழுந்தவர்கள் சுவரில் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். மையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் எந்தப் பலகை என்று சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு குழுவையாவது சேர்த்துப் பார்க்கலாமே என்றேன்.

நாங்கள் எடுத்தது 1943 டிசம்பர் 16 இரவு பெர்லினுக்குப் போன ஒரு குழு. அன்று மாலை 4 மணி வாக்கில் 480க்கும் மேற்பட்ட லங்காஸ்டர்கள் கிளம்பின. எதிரியிடம் பறிகொடுத்தவை 25. மிச்சமெல்லாம் நள்ளிரவை ஒட்டி வீடு திரும்பினால், ஊரே பனிமூட்டத்தில் முழுகிக் கிடந்தது. கீழே விளக்கு தெரியவில்லை, மேலே பெட்ரோல் தீர்ந்துகொண்டே வருகிறது. ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லுமே தவிர, எதிரே குன்று வருவது அதற்குத் தெரியாது. ஓடுபாதையின் இருபக்கமும் பெட்ரோலைக் கொளுத்திப் பனியை விரட்டும் ஃபைடோ என்ற ஏற்பாடு அப்போது மிகச் சில தளங்களில்தான் இருந்தது. இங்கிலாந்தின் மேலேயே சுமார் 30 விமானங்கள் போயின. சில மோதி நொறுங்கின, சிலவற்றை ஆட்கள் பாராசூட்டில் குதித்துக் கைவிட்டார்கள். அந்த நாளைக் கறுப்பு வியாழன் என்கிறார்கள்.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பனி இறங்கினால் தண்டவாளத்தில் டெட்டனேட்டர் வைப்போம், சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை உஷார்படுத்தும். ஸ்டேஷனுக்குள் நுழைய விடும் ஹோம் சிக்னலில் வண்டியை மணிக்கணக்கில்கூட நிறுத்திப் போடுவோம். பயணிகள் திட்டுவார்கள், அவ்வளவுதான். ஆகாயத்தில் ஹோம் சிக்னல் ஏது? நின்றால் விழ வேண்டும். வந்து சேர்ந்த வண்டிக்கு இடம் கொடுக்க முடியாமல் போன அந்தக் கண்ட்ரோல் டவர்காரர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் மனசு கனத்தது.

காற்றில் முக்கால் மணி நேரம் நடந்தோம். ஆறு பெயர் கிடைத்துவிட்டது. ஏழாவது எங்கும் இல்லை. மாப்பிள்ளை போனை மறுபடி பார்த்துவிட்டு, "மாமா, அவர் சுவர்ல இருக்க மாட்டார். பிழைச்சிட்டார்" என்றார். வாலில் உட்கார்ந்திருந்தவர். ஆறு பேரைப் புதைத்த பிறகு அவர் மறுபடி பறந்தாரா என்று கேட்டேன். போனில் அதற்குமேல் இல்லை.

உள்ளே கண்காட்சி. வெளியே இலவசம், இதற்கு டிக்கெட் உண்டு. குண்டு போட்டவர்கள் கதையோடு, கீழே ஜெர்மனியில் அதை வாங்கியவர்கள் கதையையும் வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. திரையில் பேசும் முதியவர்களின் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது, மகள் பக்கத்தில் நின்று சொன்னாள்.

விமானம் பார்க்கும் ஆசையில் வராதீர்கள், இங்கே லங்காஸ்டர் கிடையாது. அதற்கு ஈஸ்ட் கிர்க்பி போக வேண்டும். அங்கே 'ஜஸ்ட் ஜேன்' என்ற லங்காஸ்டர் நான்கு இன்ஜினும் முழங்கத் தரையில் ஓடுகிறது. இங்கே வருபவர்கள் காதை மூடும் தொப்பி கொண்டு வாருங்கள். அப்புறம், வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பாருங்கள். கோபுரத்தடியில் நின்றால் எதிர்க் குன்றில் கதீட்ரல் தெரியும். திரும்பி வருபவர்கள் தேடிய அடையாளம் அதுதான்.