கியர் இல்லாத 28 அங்குலச் சைக்கிள்: யாழ்ப்பாணத்தில் வேலைக்கும் தூர ஓட்டத்துக்கும் எப்படி?

வேலைக்குப் போய்வர, திருநெல்வேலிச் சந்தையில் இருந்து மூட்டை ஏற்றிவர, ஞாயிறு காலையில் பருத்தித்துறைவரை ஓடித் திரும்ப, மூன்றுக்கும் ஒரே சைக்கிள் வேண்டும் என்பவர்கள் பழைய பாணி 28 அங்குல ஸ்டாண்டர்ட் சைக்கிளைத் தயங்காமல் வாங்கலாம். கடையில் தருகிற நிலையிலேயே ஓடத் தொடங்கக் கூடாது. முதல் மாதத்தில் செய்யவேண்டிய சில வேலைகளைத் தவறவிட்டால், இருபது வருடம் உழைக்கவேண்டியது இரண்டு வருடத்திலேயே கிலுகிலுக்கும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் இல்லாத குடாநாட்டைச் சுமந்தது இந்த வகைச் சைக்கிள்தான். 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோதும் பலர் கொட்டிலுக்குள் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்தார்கள். இதில் உடைகிற பாகம் குறைவு, உடைந்தாலும் ஊர்ச் சைக்கிள் கடையில் திருத்தலாம். கியர் சைக்கிளில் செயினை மாற்றிப் போடும் மெல்லிய பாகங்களும் வயர்களும் கடற்காற்றுக்கு முதலில் இறுகிப்போவதைத் தீவுப்பகுதியில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

எங்கள் மண் தட்டை. ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. கால் வலிக்க வைப்பது காற்றுத்தான். நிமிர்ந்து இருந்து ஓடும் சைக்கிள் என்பதால் நெஞ்சு முழுவதும் காற்றை வாங்கும். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதைப் பருத்தித்துறை வீதியில் திறந்தவெளியாகக் கிடக்கும் வல்லைவெளியில் உழக்கிப் பார்த்தால் உடம்பே சொல்லும். ஆகவே கவனிக்கவேண்டியது பல்லுக் கணக்கு, அதாவது செயின் ஓடும் முன், பின் சக்கரங்களில் எத்தனை பல்லு என்பது. முன்பல்லு 44, பின்பல்லு 18 என்று வரும் சைக்கிளில் ஒரு முழுச் சுற்று உழக்கினால் சுமார் 5.5 மீற்றர் நகரும். வெறும் சைக்கிளுக்கு நல்லது, ஆனால் எதிர்க்காற்றிலும் சுமையிலும் முழங்காலைக் கொல்லும். பின்பல்லை 20 ஆக்கினால் 4.9 மீற்றர், 22 ஆக்கினால் 4.5 மீற்றர். 20 பல்லில் நிமிடத்துக்கு 60 சுற்று உழக்கினால் மணிக்கு 18 கிலோமீற்றர் அளவில் போகலாம். எங்கள் தெருக்களுக்கு அது போதும். தினமும் மூட்டை ஏற்றுபவர் மட்டும் 22 போடட்டும்.

இந்த மாற்றம் சின்ன வேலை. 20க்கு மாறும்போது பின் அச்சைக் கால் அங்குலமளவு முன்னே தள்ளினால் செயின் சரியாக வரும். 22 என்றால் ஒரு சோடிக் கண்ணி கூட்டவேண்டி வரலாம். செயின் நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் அசைய வேண்டும். அதைவிட இறுக்கினால் அச்சின் போல்ஸ் (உருளும் இரும்புக் குண்டுகள்) தேயும், தளர்ந்தால் குழியில் விழும்போது செயின் கழரும். அச்சு நகர்ந்தால் பிறேக் கட்டை ரிம்மில் படும் இடமும் மாறிவிடும். இதை மறந்து, பிறகு பிறேக் பிடிக்கவில்லை என்று கடைக்கு வருபவர்கள் நிறையப் பேர்.

மிகக் கூடுதலாகக் கெடுவது கோட்டர் பின். பெடல் கையை அச்சோடு பூட்டும் ஆப்பு அது. புதுச் சைக்கிளில் ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் அது சற்று அமர்ந்து, நட்டு தளரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை காலுக்குக் கீழே 'டக்' என்று தட்டினால் அதுதான். பலர் நட்டை மட்டும் இறுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் பின்னின் புரி கிழியும். பெடல் கைக்குக் கீழே கனமான இரும்பைத் தாங்கக் கொடுத்து, பின்னின் தலையில் சுத்தியலால் உறுதியாக இரண்டு மூன்று அடி அடித்து, அதன்பிறகே நட்டைப் பூட்ட வேண்டும். தாங்கல் இல்லாமல் அடித்தால் அந்த அடி போல்ஸில் இறங்கி, அவை ஓடும் கிண்ணத்தில் பள்ளம் விழும். தட்டுகிற சத்தத்தோடு ஒரு மாதம் ஓடினால் பின்னின் தட்டையான முகம் நசுங்கி, அச்சும் வெட்டுப்படும். அப்போது முப்பது நிமிட வேலை முழு அச்சு மாற்றும் வேலையாகிவிடும். பின்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போடப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஒரே திசையில் இருந்தால் பெடல்கள் நேர்கோட்டில் நில்லாமல் உழக்கும்போது நொண்டும். இடது பெடலின் புரி எதிர்ப்பக்கமாக இறுகும் என்பதும் வீட்டில் கழற்றுபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலவந்தம் பண்ணினால் பெடல் கையே பாழ்.

முன்சில்லில் 32 கம்பி, பின்சில்லில் 40 கம்பி என்பது இந்த வகையின் வழமை. பாரம் பின்னாலே என்பதால் அப்படி. முதல் 200 கிலோமீற்றருக்குப் பிறகு கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் அழுத்திப் பாருங்கள். தளர்ந்தது இருந்தால் நெளிவு எடுக்கக் கொடுங்கள். கம்பி உடைவது பெரும்பாலும் பின்சில்லின் செயின் பக்கத்தில்தான். அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று கூடுதல் இழுவையைத் தாங்குகின்றன. ஒன்று உடைந்தவுடன் மாற்றினால் ஒன்றோடு போகும். விட்டுவைத்தால் பக்கத்துக் கம்பிகளும் உடையும்.

கரியரில் ஏற்றும் சுமை பின் அச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னே இருக்கட்டும். பின்னுக்குத் தள்ளி ஏற்றினால் முன்சில்லு இலேசாகி, ஹாண்டில் ஆடத் தொடங்கும். முப்பது கிலோவைத் தாண்டும் நாளில் பின் ரயரில் சதுர அங்குலத்துக்கு 55 றாத்தல் காற்று, வெறும் ஓட்டத்துக்கு 45. குறைந்த காற்றோடு குழியில் இறங்கினால் ரியூப் ரிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். நெருஞ்சி முள் வேறு கதை. முள் ரயரிலேயே நிற்கும். ஒட்டுப் போடமுன் ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுக்காவிட்டால் அடுத்த சந்தியிலேயே மறுபடி காற்றுப் போகும். பின்சில்லைக் கழற்றத் தேவையில்லை. ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி ரியூபை வெளியே இழுத்து ஒட்டலாம்.

பெருங்குறை பிறேக். இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும். மாரிமழையில் நிறுத்தும் தூரம் பல மடங்காகும். சந்திக்கு முன்னரே இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. ஆஸ்பத்திரி வீதியில் மழைநேரம் பஸ்ஸின் பின்னால் ஒட்டிப் போகவே வேண்டாம்.

தூர ஓட்டத்துக்குக் காற்றுக் கணக்கு முக்கியம். தென்மேற்கில் இருந்து சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைச் சாட்டிக் கடற்கரைப் பக்கம் போங்கள். போகும்போது எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகில் காற்று. வடகிழக்கில் இருந்து வாடை வீசும் காலத்தில் அதே காரணத்துக்காக வல்லைவெளியால் பருத்தித்துறை. சீற் உயரத்தைப் பலர் தாழ்த்தி வைத்து முழங்காலைக் கெடுக்கிறார்கள். பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை வைத்தால் கால் முழுதாக நீள வேண்டும்.

கடலோர ஓட்டம் முடிந்த அன்றே உப்பு இல்லாத தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, வெளியே மிஞ்சியதைத் துணியால் எடுத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம். செயினின் மேலே கிறீஸ் பூசினால் செம்மண்ணும் மணலும் ஒட்டி அரத்தைப்போல் தேய்க்கும். பன்னிரண்டு அங்குலம் இருக்கவேண்டிய 24 கண்ணித் துண்டு எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். தாமதித்தால் பின்பல்லையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.