முதியோர் இல்லத்தில் அவசரமாக இடம் தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முந்தாநாள் நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போனது 65,000 ரூபாய்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, கோவையில் ஆபரேஷன். ஒன்பதாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களுடையது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. எனக்குச் சென்னையில் வேலை. முதியோர் இல்லங்களில் இடம் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் நம்பரைப் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது.

பேசிய பெண் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அம்மா ராத்திரி எத்தனை தடவை எந்திரிப்பாங்க? சுகர் இருக்கா? இட்லியை மசிச்சுக் கொடுக்கணுமா?" கூடப்பிறந்தவள் விசாரிப்பது போல இருந்தது. அங்கேதான் விழுந்தேன். அப்புறம் மெதுவாக, "ஒரு பெட்தான் சார் இருக்கு, இன்னொரு குடும்பமும் கேக்குறாங்க" என்றார். முன்பணம் 50,000, அவசரச் சேர்க்கைக்கு 15,000. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே யூபிஐயில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வடவள்ளி பக்கம் அந்த இல்லத்து வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. மேலாளர் நோட்டைப் புரட்டினார். "உங்க பேர்ல எதுவுமே வரலையே. அவங்க மூலமா நாங்க ஆள் சேர்க்கிறதை நிறுத்தி நாலு மாசமாச்சு." ஸ்ட்ரெச்சரில் அம்மா, மாற்றுப் புடவையும் விபூதி டப்பாவும் இருந்த மஞ்சப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இறங்கலாமாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தால், "நான் சேல்ஸ் மட்டும்தான் சார்." சப்போர்ட்டில் கேட்டால், "புகார் டிக்கெட் போட்டாச்சு, 7 வேலை நாள் ஆகும்." நேற்று, "சொன்ன நேரத்துக்கு நீங்க வரல, அதனால ரீஃபண்ட் கிடையாது." வரவில்லையாம்! ஆம்புலன்ஸ் பில் என் சட்டைப்பையில் இருக்கிறது. இன்று என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 65,000 ரூபாய், அம்மாவின் ஓய்வூதியத்தில் சேர்த்தது.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இல்லத்துக்கு நீங்களே நேரில் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் சொந்தக்காரர் யாரையாவது அனுப்புங்கள். இல்லத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் பணம் போடுங்கள், ரசீது வாங்குங்கள். பதிவு பெற்ற இல்லமா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. ஏமாந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். டிக்கெட்டை நம்பி நான் ஒரு நாள் முழுக்க வீணடித்தேன்.

அம்மா இப்போது அத்தை வீட்டு ஹாலில், வாடகைக் கட்டிலில் படுத்திருக்கிறாள்.