ஏரான், லீப், மார்க்கஸ்: வெறுங்காலுடன் உட்காருவோருக்கு எந்த நாற்காலி?

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான எர்கோனாமிக் நாற்காலிகளைப் பற்றிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இடுப்புத் தாங்கல், ஹெட்ரெஸ்ட், கைப்பிடி எத்தனை திசைகளில் நகரும் என்பவற்றில் தொடங்கி விலையில் முடிந்துவிடுகின்றன. இப்போது நான் பயன்படுத்தும் நாற்காலியையும், அதை வாங்குவதற்கு முன் உட்கார்ந்து பார்த்தவற்றையும் வைத்து எழுதும் இந்த மதிப்பீட்டில் வேறோர் அளவையே முதலில் வைக்கிறேன். இருக்கை எவ்வளவு தாழ இறங்கும் என்பதே அது. விற்பனைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் கிடக்கும் அந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் வாங்கினால், மற்ற வசதிகள் எல்லாம் இருந்தும் பயனில்லாமல் போகும்.

உட்கார்ந்திருக்கும்போது பாதம் தரையில் முழுமையாகப் பதிய வேண்டுமானால், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள உயரத்துக்கு இருக்கை சமமாகவோ சற்றே தாழ்வாகவோ இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்தும், கால் மரத்துப்போகும். அந்த அழுத்தத்திலிருந்து தப்பிக்க உட்காருபவர் தம்மை அறியாமலே முன்னால் நகர்ந்து விளிம்பில் அமர்வார். அப்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய முதுகுத் தாங்கலானாலும் முதுகைத் தொடாது. நாற்காலி வடிவமைப்புக்கான அளவுக் கணக்குகளில் காலணியின் அடித்தடிப்புக்கென்று பொதுவாக 2.5 செ.மீ. சேர்த்துக்கொள்கிறார்கள். அலுவலகத்துக்கு அது சரி. நாமோ செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருபவர்கள். வீட்டில் வேலை பார்க்கும்போது அந்த 2.5 செ.மீ. நமக்கு இல்லை. 157 செ.மீ. உயரமுள்ள எனக்கு வெறுங்காலுடன் முழங்கால் மடிப்பு 39 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. சந்தையில் உள்ள நாற்காலிகளில் பல 44, 45 செ.மீ.க்குக் கீழே இறங்குவதே இல்லை.

மேசையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நம் ஊரில் சாப்பாட்டு மேசையானாலும் எழுதும் மேசையானாலும் பெரும்பாலும் 75 செ.மீ. உயரத்தில் இருக்கின்றன. 39 செ.மீ. உயர இருக்கையில் தோளைத் தளர்த்தி உட்கார்ந்தால் என் முழங்கை தரையிலிருந்து 61 செ.மீ. உயரத்தில் இருக்கும். விசைப்பலகை ஏறக்குறைய முழங்கை மட்டத்தில் இருந்தால்தான் தோள் உயராமல் தட்டச்சு செய்ய முடியும்; இங்கே அது 14 செ.மீ. மேலே நிற்கிறது. கழுத்தும் தோள்பட்டையும் வலிக்கிறதென்று நாற்காலியை மாற்றும் பலருக்கு உண்மையில் மேசைதான் இடைஞ்சல். இருக்கையை உயர்த்திக்கொண்டு காலுக்குக் கீழே பலகை வைக்கலாம், அல்லது மேசைக்கு அடியில் இழுத்துத் தள்ளும் கீபோர்டு தட்டு பொருத்தலாம், மரமேசையென்றால் ஆசாரியிடம் சொல்லிக் கால்களைக் குறைக்கலாம். விசேஷங்களுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் மணை கால்பலகையாக நன்றாகவே உதவும், ஆனால் இரண்டு மணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வழுக்கும். என் மேசை பழைய மரமேசை என்பதால் கால்களைக் குறைத்துவிட்டேன். அந்தச் செலவு நாற்காலியின் விலையோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஐக்கியாவின் மார்க்கஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலைவரை உயர்ந்த மெஷ் (வலைத்துணி) முதுகு, பத்து ஆண்டு உத்தரவாதம், ஏரான், லீப், மார்க்கஸ் ஆகிய மூன்றிலும் மிகக் குறைந்த விலை ஆகியவற்றால் அது பலருடைய பட்டியலில் முதலில் வருகிறது. ஆனால் அதன் இருக்கை 46 செ.மீ.க்குக் கீழே இறங்காது, கைப்பிடியின் உயரத்தை மாற்ற முடியாது, இடுப்புத் தாங்கலும் ஒரே இடத்தில் நிலையாக இருக்கும். 175 செ.மீ.க்கு மேல் உயரமுள்ள ஒருவருக்கு இது கொடுத்த காசுக்கு நல்ல நாற்காலி. என்னைப் போன்றவர்களுக்குக் கால் அந்தரத்தில் தொங்கும். ஒரே நாற்காலியை வீட்டில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கணவன் மனைவி இதை வாங்கினால், ஒருவருக்குத்தான் அது பொருந்தியிருக்கும்.

எட்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய் வரை நம் நாட்டில் விற்கப்படும் மெஷ் நாற்காலிகளைத் தனித்தனியாக மதிப்பிடுவது கடினம், ஏனெனில் வெவ்வேறு பெயர்களில் வரும் பலவற்றில் உள்ளிருக்கும் பாகங்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை. இருக்கையை ஏற்றி இறக்கும் வாயு உருளையான கேஸ் லிஃப்ட், உறுதி மிகுந்த நான்காம் வகுப்பைச் சேர்ந்ததா என்று கேளுங்கள். சாய்வு இயக்கம், இருக்கையும் முதுகும் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் கவிழும் எளிய வகையா, முதுகு இரண்டு பங்கு சாயும்போது இருக்கை ஒரு பங்கு மட்டும் சாயும் சின்க்ரோ வகையா என்பதையும் கேளுங்கள். எளிய வகையில் சாய்ந்தால் முழங்கால் மேலெழுந்து பாதம் தரையை விட்டுக் கிளம்பும். அதனால் பலரும் சாய்வைப் பூட்டிவிட்டு நேராகவே உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்கத் தரமான பிஃப்மா எக்ஸ்5.1, பணியிட நாற்காலிகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 17631 என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அது நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனைகளில் தேறியது என்பது முக்கியமாக நாற்காலி உடையாது, கவிழாது என்பதற்கே சான்று. உங்கள் காலுக்கு ஏற்றதா என்பதை அது சொல்லாது. கோத்ரெஜ் இன்டீரியோ, ஃபெதர்லைட் போன்ற நிறுவனங்களுக்குக் காட்சிக்கூடங்கள் இருப்பது பெரிய வசதி. அங்கே போனால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் வியப்போடு பார்த்தால் பார்க்கட்டும்.

சாய்வைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதுகை விறைப்பாக நிமிர்த்தி உட்காருவதே நல்லது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் முதுகெலும்பின் வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தபோது, தாங்கல் இல்லாமல் உட்கார்ந்திருக்கையில் அது நிற்கும்போது இருப்பதைவிட அதிகமாக இருந்தது. அவரும் சக ஆய்வாளர்களும் பின்னர் செய்த அளவீடுகளில், முதுகுச்சாய்வு பின்னால் சாயச் சாயவும், இடுப்புக்குத் தாங்கல் கிடைக்கும்போதும் அழுத்தம் குறைவது தெரியவந்தது. நல்ல நாற்காலிக்கும் சாதாரண நாற்காலிக்கும் உள்ள வேறுபாட்டை நான் அதிகம் உணர்ந்தது இங்கேதான். ஒரு விசையையும் தொடாமல், உடல் நினைத்தபோது பின்னால் சாய்ந்து, நினைத்தபோது முன்னால் வர முடிகிறதா என்பதே கேள்வி. சாய்வின் இறுக்கத்தை உங்கள் எடைக்கேற்ப அமைத்துவிட்டால் பூட்டைத் தொட வேண்டிய தேவையே வராது.

ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் ஏரான் இதை மிக அழகாகச் செய்கிறது. பில் ஸ்டம்ஃப், டான் சாட்விக் ஆகிய இருவர் வடிவமைத்து 1994இல் வெளிவந்த இந்த நாற்காலியின் வேர், முதியோருக்காக அவர்கள் அதற்கு முன் முயன்ற ஓர் இருக்கையில் இருக்கிறது. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடலில் ஃபோம் சூட்டைத் தேக்குகிறது, அழுத்தத்தை ஓரிடத்தில் குவிக்கிறது என்று கண்டுதான் அவர்கள் மெஷ்ஷுக்கு வந்தார்கள். மின்விசிறியை மட்டும் நம்பி சென்னைச் சித்திரை வெயிலில் வேலை பார்ப்பவருக்கு அந்த முடிவின் அருமை உட்கார்ந்த சில நிமிடங்களிலேயே விளங்கிவிடும். முதுகு மட்டுமின்றி இருக்கையும் மெஷ் என்பதால் வியர்வை தேங்குவதில்லை. மலிவான மெஷ் இருக்கைகளைப் போல நடுவில் குழிந்து தொங்குவதும் இல்லை. 2016இல் திருத்தியமைத்த பதிப்பில் மெஷ்ஷின் இழுவிசை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்தும் நான் ஏரானை வாங்கவில்லை. ஏரான் ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் வருகிறது, இருக்கையின் ஆழத்தை நகர்த்தி மாற்ற வழியில்லை, அளவையேதான் மாற்ற வேண்டும். பழைய நாற்காலிச் சந்தையில் எளிதில் கிடைப்பது பி அளவு. அதன் இருக்கை 41 செ.மீ. வரை இறங்குகிறது என்றாலும், என் முதுகு தாங்கலைத் தொடும்போது முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை நெருங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் மூன்று விரல்களாவது நுழைய வேண்டும். ஏ அளவு பொருந்தும், ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. மற்றொன்று, நம்மில் பலருக்கு நாற்காலியிலும் ஒரு காலையோ இரு கால்களையோ மடக்கி உட்காரும் பழக்கம் உண்டு. ஏரானின் இருக்கையைச் சுற்றியுள்ள கெட்டியான சட்டம் அதற்கு இடம் தருவதில்லை, கணுக்கால் அதில் இடிக்கும். உடற்கூற்று நோக்கில் சம்மணமிட்டு உட்காருவது நாற்காலிக்கு உரியதன்று என்று வல்லுநர் சொல்லக்கூடும். ஆனால் நாள் முழுதும் ஒரே நிலையில் இருப்பதைவிட இடையிடையே காலை மடக்கி மாற்றிக்கொள்வதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

ஆகவே நான் வாங்கியது ஸ்டீல்கேஸ் நிறுவனத்தின் லீப், அதுவும் பழையது. 1999இல் அறிமுகமாகிப் பின்னர் திருத்தப்பட்ட இந்த நாற்காலி பார்வைக்கு ஏரானைப் போல எவரையும் கவராது. ஏதோ ஒரு வங்கியின் மேலாளர் அறையில் பார்த்ததைப் போலத்தான் இருக்கும். இருக்கை ஏறக்குறைய 39, 40 செ.மீ. உயரம் வரை இறங்குகிறது. இருக்கையின் ஆழத்தை 40 முதல் 47 செ.மீ. வரை நகர்த்தி அமைக்கலாம் என்பதால், உயரமான ஒருவரும் என்னைப் போன்ற ஒருவரும் ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. முதுகுச்சாய்வு ஒரே தகடாக அசையாமல் மேல்முதுகும் கீழ்முதுகும் வெவ்வேறாக வளையும்படி அமைந்திருக்கிறது. கீழ்ப்பகுதியின் இறுக்கத்தைத் தனியாகத் திருகி வைக்கலாம். பின்னால் சாயும்போது இருக்கை சற்று முன்னே நழுவுவதால் விசைப்பலகை எட்டாத தொலைவுக்குப் போவதில்லை, சாய்ந்தபடியே தட்டச்சு செய்ய முடிகிறது. கைப்பிடிகள் உயரம், அகலம், முன்பின், திருப்பம் என நான்கு வகையிலும் நகர்கின்றன. குறைக்கப்பட்ட என் மேசையின் கீழே அவை எளிதாக நுழைந்துவிடுவது எனக்குப் பெரிய ஆறுதல்.

குறைகள் உண்டு. இருக்கை ஃபோம் என்பதால் கோடையில் தொடையின் அடியில் வெப்பம் தேங்கும். நான் பருத்தித் துணி விரித்துக்கொள்கிறேன், இருந்தும் ஏரானின் காற்றோட்டம் இதற்கு வராது. ஹெட்ரெஸ்ட் இல்லாத வடிவமே பழைய சந்தையில் அதிகம். தட்டச்சு செய்யும்போது தலை எப்படியும் அதில் படுவதில்லை என்பதால் எனக்கு அது இழப்பாகத் தெரியவில்லை, கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். எடையும் அதிகம், லிஃப்ட் இல்லாத வீட்டில் மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

ஏரானும் லீப்பும் புதிதாக வாங்கினால் ஒரு லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோ போகும்; பன்னிரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு. அலுவலகங்கள் இடம் மாறும்போதும் மூடப்படும்போதும் கழித்துவிடும் நாற்காலிகள் பெங்களூரிலும் சென்னையிலும் பழைய அலுவலகப் பொருள் விற்பவர்களிடம் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கின்றன. மாதம் முழுக்க வீட்டிலேயே வேலை செய்பவருக்கு, பதினைந்தாயிரத்துக்குப் புதிதாக ஒன்று வாங்குவதைவிட இன்னும் கொஞ்சம் சேர்த்து இப்படிப் பழையதாக ஒன்று வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். வாரத்தில் ஓரிரு நாள்கள் மட்டும் வீட்டில் இருப்பவருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

பழையதை வாங்கும்போது படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். ஏரானென்றால் முதுகுச்சாய்வின் மேல்விளிம்பில் பின்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். ஒரு புள்ளி ஏ அளவு, இரண்டு பி, மூன்று சி. எந்த நாற்காலியானாலும் இருக்கையின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டைப் பார்த்து, அதில் தயாரிப்புத் தேதி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இருக்கையை முழு உயரத்துக்கு ஏற்றி விற்பவரோடு பேசிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால், கேஸ் லிஃப்ட் கசிகிறதா என்பது தெரிந்துவிடும். கைப்பிடியை உயர்த்திப் பூட்டிக் கையை ஊன்றி அழுத்துங்கள். பற்கள் தேய்ந்திருந்தால் சரிந்து இறங்கும். கேஸ் லிஃப்டும் சக்கரங்களும் தேய்ந்திருந்தால் கவலையில்லை, தனியாக வாங்கி மாற்றலாம். மெஷ் கிழிந்திருந்தாலோ சாய்வு இயக்கம் பழுதாகியிருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறுவனத்தின் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே உரியது என்பதால், விற்பவர் தம் பெயரில் தரும் ஆறுமாத உறுதியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சக்கரங்களை மட்டும் எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். அலுவலகத்தின் தரைவிரிப்புக்கென்று செய்யப்பட்ட கெட்டியான நைலான் சக்கரங்கள் நம் வீட்டு டைல்ஸ் தரையில் கடகடவென்று உருளும், கீழ் வீட்டுக்காரர் இரவில் மேலே வந்து கேட்கும் அளவுக்குச் சத்தம் போடும். மென்மையான பாலியூரித்தேன் பூசிய சக்கரங்கள் ஐந்தும் சேர்ந்து அதிக விலையாகாது. பெரும்பாலான நாற்காலிகளில் அச்சுத்தண்டு 11 மி.மீ. தடிமன், ஐக்கியாவுக்கு 10 மி.மீ.; அளந்துவிட்டு வாங்குங்கள்.