டிசர்டேஷனை (ஆய்வேட்டை) ‘செக்’ பண்ண வெளியே கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் அசோக் பில்லர், வடபழனி, தி.நகர் பக்கம் கம்பத்துக்குக் கம்பம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். புராஜெக்ட், தீசிஸ், எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்), பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் செய்து தரப்படும், கீழே ஒரு செல்போன் எண். அப்படி ஒரு எண்ணைக் கூப்பிட்டுத்தான் என் எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) டிகிரியை மயிரிழையில் தொலைக்கப் பார்த்தேன். கடையின் பெயரைக் கேட்காதீர்கள். போட்டாலும் பயன் இல்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் தலைப்பு நொச்சிக்குப்பத்து மீன்காரப் பெண்கள். 2023இல் லூப் ரோட்டு மீன்கடைகளைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்ததும், 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறந்ததும் சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். ரோட்டோரத்திலிருந்து கூரைக்கு அடியில் போன பிறகு அவர்களுடைய வருமானம், கடன், வேலை நேரம் என்னவாக மாறியது என்பதுதான் கேள்வி. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் விடிகாலையில் போய் நின்று, வியாபாரம் ஓயும் நேரம் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, 62 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பினேன். “எனக்கு எழுத வராது பாப்பா, நீயே எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு மீனை அரிந்துகொண்டே பதில் சொல்வார்கள், அதனால் பாதித் தாளில் செதிலும் ஈரமும் ஒட்டியிருக்கும். முதல் பக்கத்தில் பெயர், வயது, செல்போன் எண். இந்த முதல் பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

புள்ளியியல் என்றாலே எனக்குக் கை நடுங்கும். சீனியர் ஒருத்தர் சொன்னார் என்று அந்த நோட்டீஸ் எண்ணைக் கூப்பிட்டு, அவர்கள் கடை இருக்கும் மாடிக்கு ஏறினேன். ஒரு சின்ன ஹால், ஆறு கம்ப்யூட்டர், சுவரில் எல்லாப் பல்கலைக்கழகத்தின் சின்னமும் வரிசையாக ஒட்டியிருந்தது, அதைப் பார்த்து எனக்கு ஒரு நம்பிக்கை வேறு வந்தது, அவ்வளவு அப்பாவி. டேட்டா என்ட்ரிக்கும் எஸ்பிஎஸ்எஸ் அட்டவணைக்கும் 3,500 ரூபாய் என்றார்கள். கேள்வித்தாள் கட்டை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து வந்த பைலில் முதல் அட்டவணையிலேயே மொத்தம் 120 பேர். நான் கொடுத்தது 62. சரி, தட்டச்சுப் பிழை என்று அடுத்ததைப் பார்த்தால் ‘எந்தக் கிளையில் பணிபுரிகிறீர்கள்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே மேலதிகாரியின் ஒத்துழைப்பு பற்றித் திருப்தி, அதிருப்தி. யாரோ வங்கி ஊழியர்களைப் பற்றிச் செய்த புராஜெக்ட்டின் அட்டவணையில் தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வஞ்சிரம் விற்கும் அக்காவுக்கு ஏதுங்க பிராஞ்ச் மேனேஜர்? போய்ச் சண்டை போட்டால், “பசங்க பைல மாத்தி அட்டாச் பண்ணிட்டாங்க மேடம், ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அங்கே இருந்த அண்ணன். சரியாக்கித் தந்ததிலும் நாற்பது வயதுக்காரரின் தொழில் அனுபவம் நாற்பத்தைந்து வருடம் என்று இருந்தது. கடைசியில் ஹாஸ்டல் தோழி ஒருத்தி ஜமோவி என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள், இரண்டு ராத்திரியில் நானே முடித்தேன். 62 தாளுக்குச் சதவீதம் போட எக்செல்லே போதும் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த இடத்தில் நான் அவர்களோடு உறவை வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை, 3,500 போனதே, அடுத்த வேலையிலாவது ஒழுங்காகச் செய்வார்கள் என்று ஒரு கணக்கு.

அடுத்த வேலைதான் பிளேஜியரிசம் செக்.

எங்கள் கல்லூரியில் நூலகம் வழியாக ஒரே ஒரு முறைதான் டர்னிடினில் (வேறு எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் மென்பொருள்) போடுவார்கள், ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று கைடு மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த 10 என்பது அவர் வீட்டு விதி இல்லை, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில் இருப்பது. 10 வரைக்கும் தண்டனை கிடையாது, 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40 முதல் 60 என்றால் ஒரு வருடம் திருத்திக் கொடுக்கவே முடியாது, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. இதைப் படித்துவிட்டுப் பயந்து, அதிகாரபூர்வமாகப் போடும் முன் ஒரு தடவை வெளியே பார்த்துவிடலாம் என்று 1,500 ரூபாய் ஜிபே பண்ணினேன்.

ரிப்போர்ட் 34 சதவீதம் என்று வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உடனே அந்த அண்ணன், “கவலப்படாதீங்க, இன்னொரு 1,500 குடுங்க, ஆறு பர்சன்ட்டுக்கு இறக்கித் தர்றோம், ஏஐ ஸ்கோரும் ஜீரோ” என்றார். கொடுத்தேன். இப்போது அந்த 34ஐத் திரும்ப எடுத்துப் பார்த்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் விலக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது, யுஜிசி விதியும் அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. இவர்கள் இரண்டையும் விலக்காமலே ஓட்டியிருக்கிறார்கள். பொருளடக்கம், நன்றியுரை, நீதிமன்ற உத்தரவிலிருந்து நான் மேற்கோள் குறி போட்டு எடுத்த பத்தி, பத்துப் பக்க நூற்பட்டியல், எல்லாம் சேர்ந்துதான் அந்த 34. எண்ணை ஏற்றிக் காட்டினால்தானே இறக்குவதற்குக் காசு கேட்க முடியும்.

‘இறக்கி’ வந்த பைலைத் திறந்தேன். நான் ‘செல்ஃப் ஹெல்ப் குரூப்’ என்று எழுதிய இடமெல்லாம் ‘ஓன் அசிஸ்டன்ஸ் கேங்’ ஆகியிருந்தது. ‘ஹை கோர்ட்’ என்பது ‘டால் கோர்ட்’. ‘ஃபிஷிங் ஹாம்லெட்’ என்ன ஆனது என்பதை இங்கே எழுதக்கூட வாய் வரவில்லை. ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு வார்த்தைக்கு வார்த்தை மாற்றியிருக்கிறார்கள், ஒருவர்கூட ஒரு பக்கம் படித்துப் பார்க்கவில்லை. இதை எடுத்துக்கொண்டு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) போனால் எக்ஸ்டர்னலாக வரும் வெளித் தேர்வாளர் என்னை அங்கேயே உப்புக்கண்டம் போட்டுவிடுவார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்னுடைய பழைய பைலையே எடுத்து மேற்கோள்களைச் சரிபார்த்து, நான் எழுதிய என் சொந்த வாக்கியங்களோடு நூலகத்தில் சமர்ப்பித்தேன். எனக்குத் தெரிந்து இந்தக் கதை முழுவதிலும் நான் செய்த ஒரே நேர்மையான காரியம் அதுதான்.

மறுநாள் மதியம் மேடம் போன் செய்தார். 91 சதவீதம்.

நான் காப்பியடிக்கவில்லை மேடம் என்று சொல்ல வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. ரிப்போர்ட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே ஒரு மூலம்தான், ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்கப்பட்ட மாணவர் கட்டுரை என்று போட்டிருந்தது. நான் சென்னையைத் தாண்டிப் படித்ததில்லை, பாஸ்போர்ட்டே இல்லை. மேடம்தான் தேதியைப் பார்த்தார். நான் அந்த மாடியில் பைலைக் கொடுத்த அதே நாள்.

என்ன நடந்திருக்கிறது என்று நூலகர் பிறகு விளக்கினார். டர்னிடினில் ஒரு கட்டுரையைப் போடும்போது அதைச் சேமிப்பில் வைக்காதே என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கட்டுரை மாணவர் சேமிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த முறை உலகத்தில் எங்கே யார் போட்டாலும் ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று காட்டும். நம் ஊர் புராஜெக்ட் சென்டர்கள் கைவசம் வைத்திருப்பது எங்கிருந்தோ கை மாறி வந்த கணக்குகள், அதில் எந்த அமைப்பு எப்படி இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. ஒருமுறை சேமித்துவிட்டால் நீக்கச் சொல்லி நாம் கேட்க முடியாது, அந்தக் கணக்குக்குரிய ஆசிரியரோ நிறுவனமோதான் கேட்க வேண்டும். அவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார் என்று நான் எங்கே போய்த் தேட? திருட்டு இல்லை என்று உறுதி செய்துகொள்ளப் போய் என் எழுத்தே எனக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது.

துறைக் குழு கூடியது. என்னைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, நான் முழுவதும் கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தேன், அதில் பதிப்பு வரலாறு என்று ஒன்று இருக்கிறது, எந்தத் தேதியில் எந்தப் பத்தி எழுதினேன், எதை அடித்தேன் என்று நவம்பரிலிருந்து வரிசையாகக் கிடந்தது. இன்னொன்று அந்த 62 தாள். எக்ஸ்டர்னலாக வந்த சார் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “இது பீல்டு ஒர்க்தான்மா” என்றார், அறையில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு மூலத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால் 7 சதவீதம். வெளியே கொடுத்ததற்கு எழுத்தில் விளக்கம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். வைவா ஏப்ரலிலிருந்து ஜூலைக்குத் தள்ளிப்போனது, ஜூன் மாதம் சேர வேண்டிய ஒரு என்ஜிஓ வேலை கையை விட்டுப் போனது. அம்மாவிடம் “கொஞ்சம் தள்ளி வெச்சிருக்காங்க” என்று மட்டும் சொன்னேன், இன்றைக்கும் முழுக் கதை தெரியாது.

இப்போது அந்த முதல் பக்கம்.

மே மாதத்தில் நான் பேட்டி எடுத்த அக்கா ஒருவர் கூப்பிட்டார். “இன்னா பாப்பா, நீ வந்துட்டு போனதுலேர்ந்து லோன் வேணுமா லோன் வேணுமான்னு ஒரே போனா வருது, எம் பேரச் சொல்லியே கூப்புடுறான்” என்றார். அப்புறம் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அந்த மாடியிலிருந்துதான் எண்கள் போயின என்று என்னால் நிரூபிக்க முடியாது. லோன்காரர்களுக்கு எண் கிடைக்க ஆயிரம் வழி இருக்கிறது. ஆனால் பெயர், எண், ‘தற்போது கடன் உள்ளதா, எவ்வளவு வட்டி’ என்ற மூன்றும் ஒரே தாளில் இருந்த கட்டு பத்து நாள் அந்த ஹாலில் கிடந்தது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொருவரிடமும் “உங்க பேரு வெளிய போகாது அக்கா” என்று சொல்லித்தான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினேன். டிகிரி தள்ளிப்போனதைவிட இதுதான் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறது. நேரில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு ஆயா மட்டும், “அவனுக்கு எவ்ளோ குடுத்த?” என்றார். 6,500 என்றேன். “அதுக்கு எங்கிட்ட மீனு வாங்கினு போயிருந்தா ஒரு மாசம் துன்னுருக்கலாமே” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே யாராவது டேட்டா என்ட்ரிக்கு வெளியே கொடுத்தே தீர வேண்டும் என்றால், பெயரும் எண்ணும் இருக்கும் பக்கத்தைக் கழற்றி வீட்டில் வையுங்கள், தாளுக்கு வரிசை எண் மட்டும் போட்டுக் கொடுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, வகுப்பில் ஆராய்ச்சி அறம் என்று ஒரு யூனிட் முழுக்க நடத்தினார்கள், தேர்விலும் எழுதினேன், ஆனால் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றத் தோன்றவில்லை.

மற்ற துறைக்காரர்கள் இது நமக்கில்லை என்று போய்விடாதீர்கள். என்னோடு பள்ளியில் படித்த பையன் இசிஇ, பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் ஊன்றுகோல் என்று ஒரு புராஜெக்ட்டை 12,000 கொடுத்து வாங்கினான், அவன் வகுப்பிலேயே இன்னும் இரண்டு டீம் அதே ஊன்றுகோலோடு வந்து நின்றது. ஒரு அர்டுயினோ, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பஸ்ஸர், ரிச்சி தெருவில் போய்ப் பொறுக்கினால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. விஸ்காம் படிக்கும் தோழி டிப்ளமா படத்தின் ஒரே ஹார்டு டிஸ்க்கை எடிட்டிங்குக்குக் கொடுத்துவிட்டு, பேசிய தொகைக்கு மேல் 8,000 கொடுத்தால்தான் தருவோம் என்று சொன்னதால் மூன்று வாரம் வடபழனிக்கு நடையாய் நடந்தாள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு வேறு தூண்டில்: அந்த மாடிச் சுவரில் ‘யுஜிசி கேர் ஜர்னலில் வெளியீடு உறுதி’ என்று இன்னும் இருக்கிறது. தரமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த அந்தக் கேர் பட்டியலையே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. பிஎச்டிக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதியிலேயே எடுத்துவிட்டார்கள், உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். பில் கிடையாது, ஜிபே போனது யாரோ ஒரு தனிநபர் பெயருக்கு. 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்தேன், பதிவு செய்துகொண்டார்கள், அதற்கு அப்புறம் அந்த அண்ணன் ஒரு தடவை கூப்பிட்டு, “படிக்கிற பொண்ணு, வம்பு எதுக்கு” என்று அன்பாக மிரட்டிவிட்டு 2,000 அனுப்பினார். மீதி 4,500 இன்னும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, போடலாம்தான், ஆனால் யார் மேல் போடுவது?

ஏற்கெனவே இப்படி எங்கேயாவது பைலைக் கொடுத்துவிட்டவர்கள், கல்லூரியில் சமர்ப்பிக்கும் முன்பே கைடிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டுவார். 91 வந்த பிறகு சொல்வதும் முன்னாலேயே சொல்வதும் ஒன்றில்லை. பல கல்லூரிகளில் நூலகமே சோதித்துத் தரும், யுஜிசி சார்ந்த இன்ஃபிளிப்நெட் மையம் 2019இலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு அதற்கான மென்பொருளை இலவசமாகவே கொடுக்கிறது, போய்க் கேட்க வெட்கப்பட்டுத்தான் நான் மாடி ஏறினேன்.

போன வாரம் மெட்ரோவில் இறங்கி அந்தப் பக்கம் நடந்தேன். பலகை மாறியிருக்கிறது, புதுப் பெயர், புது நீல நிறம். கீழே இருந்த செல்போன் எண் மட்டும் அதேதான். வாசலில் ஸ்பைரல் போட்ட தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள், கூப்பிட்டு நிறுத்துவதற்குள் மேலே போய்விட்டார்கள்.