ஒயிட் நாய்ஸ் மெஷின்: நான்கு மாதக் குழந்தைக்கு வாங்கலாமா?

நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பாப்பா நான்கு மாதம் ஆனதும் ராத்திரியில் அடிக்கடி விழிக்க ஆரம்பித்தாள். காய்ச்சல் இல்லை, பாலும் ஒழுங்காகக் குடிக்கிறாள். இந்த வயதில் குழந்தையின் உறக்கமும் பெரியவர்களுடையதுபோல இலேசாகவும் ஆழமாகவும் மாறிமாறி வரும், இலேசான நேரத்தில் சின்னச் சத்தத்துக்கும் எழுந்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், சீரான சத்தம் எழுப்பி வெளிச்சத்தத்தை மறைக்கும் இந்த மெஷினை வாங்கினோம்.

வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. லாரி ஹாரன், தெருநாய், குக்கர் விசில் எல்லாவற்றையும் இந்தச் சீரான 'உஷ்ஷ்' நன்றாகவே அமுக்கிவிடுகிறது. பசித்து எழுந்தால் உதவாது, பால் கொடுத்தே ஆகவேண்டும். இதில் வரும் சத்தங்களில் மழைச் சத்தம் அருமை. பறவைச் சத்தம் வேண்டவே வேண்டாம், திடீரென்று கீச்சிடுகிறது.

அப்புறம், தொட்டிலில் மாட்ட கிளிப் கொடுத்திருக்கிறார்கள், தயவுசெய்து மாட்டாதீர்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 14 கருவிகளைச் சோதித்தபோது 30 செ.மீ. தூரத்தில் எல்லாமே, மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகள் அறைக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பான 50 டெசிபலைத் தாண்டின. 2 மீட்டராவது தள்ளி, சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

சார்ஜ் ஒரு ராத்திரிகூட நிற்பதில்லை, பாதியில் அணைந்ததும் குழந்தை விழித்துக்கொள்கிறது, இந்த விலைக்கு இது நியாயமே இல்லை. ப்ளக்கில் போட்டுத்தான் ஓட்டுகிறோம். இன்வெர்ட்டர் இல்லாத வீடு என்றால் வேறு மாடல் பாருங்கள்.