மலைக்கும் சமவெளிக்கும் ஒரே உகுலேலே: மரமா, பிளாஸ்டிக்கா, கார்பன் இழையா?

கிட்டாரைப் போன்ற நான்கு தந்திச் சிறு வாத்தியமான உகுலேலேயை, அதில் சற்றுப் பெரிய டெனர் அளவில், புதிதாக வாங்குவது என்று முடிவானபோது என் முன் மூன்று வழிகள் இருந்தன: திடமரப் பலகையில் செய்தது, பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் வார்த்தது, கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து அச்சில் இட்டுச் செய்தது. நான் வாங்கியது மூன்றாவதை. வாரநாட்களில் சேலத்தில் வேலை, மற்ற நாட்களில் ஏற்காட்டில் குடும்ப வீடு என்று வாழ்கிற ஒருவனுக்கு இதுவே சரியான தேர்வு என்று உறுதியாக நம்புகிறேன். ஒரே ஊரில், ஒரே அறையில் வாத்தியத்தை வைத்து வாசிப்பவருக்கும் இதே முடிவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

எல்லோரும் முதலில் கேட்கிற கேள்விகளை விரைவாக முடித்துவிடலாம். விலையில் பாலிகார்பனேட் மலிவு, கார்பன் இழை அதிகம். திடமரம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஹவாய் கோவா மரத்தில் தேர்ந்த கைவினைஞர் செய்வது கார்பனையும் மிஞ்சிவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் விலையோடு சேரும். அளவில் வேறுபாடு இல்லை: எதில் செய்தாலும் டெனரின் தந்தி நீளம், கழுத்து முனையில் தந்திகள் தங்கும் நட்டிலிருந்து உடலின் மேல் அவற்றைத் தாங்கும் சேடில் வரை, ஏறக்குறைய 17 அங்குலம்தான். கார்பன் இழை பார்வைக்குக் கறுப்பாக இருக்கும். மரத்தின் வரியோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்க விரும்புகிறவருக்கு அது ஒரு குறைதான், அதை மறுப்பதற்கில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது காற்றின் ஈரப்பதம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரில். இரண்டுக்கும் இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஐப்பசி மழையில் ஏற்காட்டில் 20 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கிற ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே காற்றைக் கீழே இறக்கி 35 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 40 விழுக்காடாகிவிடும். காற்றிலுள்ள நீர் எங்கும் போய்விடவில்லை. வெப்பம் கூடக் கூடக் காற்று ஏந்தக்கூடிய நீரின் அளவு கூடிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் மரம் கணக்கில் கொள்வது இந்த விழுக்காட்டைத்தான். திடமர உகுலேலே செய்பவர்கள் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வாத்தியத்தை வைத்திருக்கச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் சேலம் அந்த எல்லைக்குக் கீழே போகிறது, மழை மாதங்களில் ஏற்காடு அதற்கு வெகு மேலே போகிறது. நடுவில் நிற்கும் நாட்கள் குறைவு.

இதனால் மரத்துக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. வரியோட்டத்துக்குக் குறுக்கேதான் விரிகிறது, சுருங்குகிறது. டெனரின் மேல்பலகை அதன் அகன்ற இடத்தில் 22 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அந்த அகலமுள்ள மஹோகனிப் பலகையை 40 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டு ஈரப்பதத்துக்குக் கொண்டுபோய் நன்றாக ஊறவிட்டால், அறுத்த விதத்தைப் பொறுத்து, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு அகலும். வாத்தியத்தில் அந்தப் பலகை சுற்றிலும் ஒட்டப்பட்டிருக்கிறது, பக்கவாட்டில் நகர இடமில்லை. ஆகவே அது மேல்நோக்கிப் புடைக்கிறது, தன்னோடு, சேடில் அமர்ந்திருக்கும் பிரிட்ஜையும் தூக்கிக்கொண்டு போகிறது. தந்தி ஃபிரெட்டிலிருந்து, அதாவது விரற்பலகையில் குறுக்கே பதித்த கம்பியிலிருந்து, எழும்பிவிடுகிறது. என் பழைய மஹோகனி டெனரில், ஏற்காட்டில் ஒரு மழைக்காலம் கழிந்தபின், 12ஆம் ஃபிரெட்டின் மேல் தந்தி வழக்கத்தைவிட வெகுவாக உயர்ந்து நின்றது. அதற்கு மேல் வாசிக்கும் சுரங்கள் எல்லாம், விரல் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்ததால், சற்றே ஏறி ஒலித்தன. கோடையில் சேலத்தில் அதே வாத்தியம் நேர்மாறாக நடந்துகொண்டது: மேல்பலகை தாழ்ந்து தந்தி ஃபிரெட்டில் உரசியது, விரற்பலகை சுருங்கியதால் ஃபிரெட் கம்பிகளின் முனைகள் இருபுறமும் துருத்திக்கொண்டு நின்றன. கட்டைவிரலைக் கழுத்தோரமாக இழுத்தால் அவை ஒவ்வொன்றும் தோலில் கீறும்.

சேலத்தில் கிட்டாரும் வீணையும் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வாத்தியத்து மேல குத்தமில்லைங்க. மேலயும் கீழயும் கொண்டுபோய்க் கொண்டாந்தா மரம் என்னதான் பண்ணும்?" வீணையின் மெட்டுகளைப் பதித்த மெழுகு வெயிலுக்கு இளகுவதைப் பார்த்துப் பழகிய கை அது. ஃபிரெட் முனைகளை அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். ஆனால் அடுத்த மழைக்கு மரம் மீண்டும் விரியும், அடுத்த கோடைக்கு மீண்டும் சுருங்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த விரிதலும் சுருங்குதலும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நடந்தால் கடைசியில் பலகையில் வெடிப்பு விழும், அல்லது பிரிட்ஜ் ஒட்டு விட்டுப்போகும்.

மரத்தைக் காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் ஈரப்பதமானி ஒன்று, கோடையில் ஈரம் தரும் பொட்டலம், மழையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், வாசித்து முடித்ததும் உடனே பெட்டிக்குள் வைக்கிற பழக்கம்: இவற்றைத் தவறாமல் செய்பவரின் மர வாத்தியம் நெடுங்காலம் இருக்கும். ஆனால் ஏற்காட்டுப் பெட்டிக்கும் சேலத்துப் பெட்டிக்கும் நேரெதிரான வைத்தியம் தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறை மலை ஏறி இறங்கும்போதும் பொட்டலத்தை மாற்ற வேண்டும். மலையில் மழை விடாமல் பெய்தால் சிலிக்கா ஜெல் இரண்டொரு நாளில் நீர் கோத்துக்கொள்ளும்; அடுப்பில் காயவைத்து மீண்டும் போட வேண்டும். பெட்டியின் உள்துணியில் பூஞ்சை பூத்து, அந்த வாடை வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வாசிப்பதற்காக வாங்கிய ஒன்றைப் பராமரிப்பதிலேயே கவனம் முழுவதும் போய்விட்டால், நாளடைவில் வெளியே எடுப்பதே குறைந்துபோகிறது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தோன்றியது.

கார்பன் இழை இந்தக் கவலையை அடியோடு நீக்கிவிடுகிறது. பிசினில் இறுகிய இழை ஈரத்துக்கு விரிவது கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத அளவு. வெப்பத்துக்கு அதன் இழைவாக்கு விரிவும் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். வாங்கிய அன்று 12ஆம் ஃபிரெட்டில் தந்தி எந்த உயரத்தில் இருந்ததோ, மழைக்குப் பிறகும் வெயிலுக்குப் பிறகும் அதே உயரத்தில் இருக்கிறது. மஞ்சு இறங்கும் மாலையில் ஏற்காட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தால் மேல்தட்டில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். சட்டை நுனியால் துடைத்துவிட்டு மேலே வாசிக்கலாம். இரவில் சுவரில் மாட்டிவிட்டுத் தூங்கலாம். ஹவாயின் மாவி தீவில் ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர் ரெயின்சாங் என்ற பெயரில் கார்பன் கிட்டார்கள் செய்யத் தொடங்கியதும் அங்குள்ள மழையையும் ஈரக்காற்றையும் மனத்தில் வைத்துத்தான். 1879இல் மதீராவிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்களின் கையில் உகுலேலே உருவான அதே தீவுக்கூட்டத்திலேயே மரத்துக்கு மாற்றுத் தேட வேண்டியிருந்தது என்பது என்னை யோசிக்க வைத்தது.

கார்பன் வாங்கிவிட்டால் சுருதி கலையவே கலையாது என்று சிலர் சொல்வது மட்டும் சரியல்ல. உடல் நகராது, தந்தி நகரும். நைலான் தந்தியோ ஃபுளோரோகார்பன் தந்தியோ வெப்பம் மாறினால் நீளும், இறுகும். மலையடிவாரத்திலிருந்து மேலே போனதும் நான் ஒவ்வொரு முறையும் சுருதி சேர்க்கவே செய்கிறேன். வேறுபாடு இதுதான்: நான்கு தந்திகளையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது, மேல் ஃபிரெட்டுகளில் சுரம் பிசகுவதில்லை. தந்தியை இறுக்கும் முடுக்கிகளின் திருகுகளும் பற்சக்கரங்களும் உலோகம்தான், ஏற்காட்டு ஈரத்தில் துருப்பிடிக்கும். ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு துணியும் தேவை. உடல் மட்டும் கார்பனாகவும் கழுத்து மரமாகவும் உள்ள ரகங்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பாதித் தொல்லை அப்படியே இருக்கும் என்பதால், முழுதும் கார்பனா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஒலியைப் பற்றி நான் சொல்வதை ஒருவருடைய காதின் தீர்ப்பாக மட்டும் கொள்ளுங்கள். கார்பன் இழை மரத்தைவிடக் கெட்டியானது, அடர்த்தியும் கூடியது. அதனால் தட்டை மிகவும் மெல்லியதாகச் செய்கிறார்கள். ஒலி தெளிவாக, சற்றே பளீரென்று எழுகிறது, நீண்டு நிற்கிறது. விரலால் ஒவ்வொரு தந்தியாகத் தீண்டி வாசிப்பவருக்கு இது வரம். வேகமாக அடித்து வாசிக்கும்போது மஹோகனி தருகிற அந்தக் குறுகிய, உலர்ந்த, இதமான ஓசை இதில் இல்லை. அதை நான் இன்னும் நேசிக்கிறேன். வழக்கமான உயர்ந்த ஜி தந்திக்குப் பதில், அதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் தாழ்ந்த ஜி தந்தியைக் கட்டிய பிறகு கார்பனின் அடிக்குரல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. உயர்ந்த ஜி கட்டி வாசிப்பவர் வேறு கருத்துச் சொல்லக்கூடும்.

பாலிகார்பனேட் பற்றி ஏளனமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. பிளாஸ்டிக் உகுலேலேக்கு மதிப்புள்ள வரலாறு உண்டு: கிட்டார் வடிவமைப்பில் புகழ்பெற்ற மாரியோ மக்காஃபெர்ரி 1949இல் ஸ்டைரான் பிளாஸ்டிக்கில் ஐலண்டர் உகுலேலேயை வெளியிட்டார், அது லட்சக்கணக்கில் விற்றது. ஈரத்தைப் பொறுத்தவரை இன்றைய பாலிகார்பனேட்டும் கார்பனைப் போலவே கவலையற்றது. வெப்பத்தை அது இன்னும் நன்றாகவே தாங்கும். இளகத் தொடங்குவது ஏறக்குறைய 147 டிகிரியில். பள்ளி செல்லும் பிள்ளைக்கு வாங்குவதானால் இதைத்தான் சொல்வேன். என்னைத் தடுத்தது ஃபிரெட். இவ்வகை வாத்தியங்கள் பலவற்றில் ஃபிரெட்டும் விரற்பலகையோடு சேர்ந்தே பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது; உலோகம் சுற்றிய தாழ்ந்த ஜி தந்தியைக் கட்டினால் அது ஃபிரெட்டை அரித்துப் பள்ளமாக்கும், தேய்ந்த ஃபிரெட்டைப் பிடுங்கி மாற்றவும் முடியாது. இன்னொன்று: டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டிக் களிம்பு பாலிகார்பனேட்டைக் கெடுக்கும். மாலையில் கையில் களிம்பு பூசாமல் வெளியே உட்கார முடியாத வீடுகளில் இது சிறிய செய்தியல்ல.

ஆளிச்செடியின் நாரை, அதாவது லினன் நாரை, பிசினில் இறுக்கிச் செய்வதும் ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் பிளாக்பேர்ட் நிறுவனம் இப்பொருளை எகோவா என்று அழைத்து, அதில் ஃபராலன் என்ற டெனரை உருவாக்கியது. ஆளி நார் கார்பனைவிட அதிர்வை அதிகமாகத் தணிக்கும், ஆகவே ஒலி மரத்துக்கு நெருக்கமாக வரும் என்பது பொருளின் தன்மையிலேயே இருக்கிறது. நண்பர் ஒருவருடைய வாத்தியத்தைச் சிறிது நேரம் வாசித்ததில் அது உண்மை என்றே பட்டது. மழைக்காலம் முழுவதும் ஒன்றை வைத்திருந்து பார்த்த அனுபவம் எனக்கு இல்லாததால் அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வெப்பத்தில் மட்டும் கார்பனுக்கும் எச்சரிக்கை தேவை. கத்திரி வெயிலில் சேலத்தில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். அந்த வெப்பத்தில் மர வாத்தியத்தின் பசை இளகும். அறை வெப்பத்திலேயே இறுகவிட்ட சாதாரண எப்பாக்சிப் பிசினும் அந்த அளவில் மென்மையாகத் தொடங்கும். உலையில் வைத்துப் பதப்படுத்திய பிசின் இதைவிட மிகுதியாகத் தாங்கும். ஆகவே எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று செய்பவரிடம் எழுதிக் கேட்டு, தெளிவான எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டு வாங்குங்கள்.

பழுது, மறுவிற்பனை இரண்டிலும் மரமே முந்துகிறது. மர வெடிப்பை ஒட்டத் தெரிந்தவர் சேலத்தில் உண்டு; கார்பனைத் தொட அவர்கள் தயங்குகிறார்கள், அதைத் தேய்க்கும்போது எழும் தூசு மூச்சுக்கு ஆகாது என்பதால் தயங்குவதும் நியாயமே. பழைய மஹோகனியை விற்கக் கேட்டபோது உடனே ஆள் கிடைத்தது. கார்பன் டெனரை இங்கே யாராவது கேட்பார்களா, பெங்களூருக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா என்பது விற்கும் நாள் வரும்போதுதான் தெரியும். நான் விற்கும் எண்ணத்தில் வாங்கவில்லை. உள்ளூரில் சீர்செய்ய ஆளில்லை என்பதால், தந்தி உயரத்தை உங்கள் விருப்பப்படி அமைத்தே அனுப்பச் சொல்லுங்கள். தாழ்ந்த ஜி வேண்டுமானால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனெனில் அந்தத் தந்தி தடிமனானது, நட்டின் பள்ளத்தை அதற்கேற்ப அகலமாக அறுக்க வேண்டியிருக்கும். கூடவே, உயரம் சற்று மாறிய உதிரி சேடில் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை மாற்றுவதற்குத் தந்திகளைத் தளர்த்தினால் போதும், வேறு யாரிடமும் போக வேண்டியதில்லை.