ஒரே அணி, நூறு பாயிண்ட் எடுத்த மூவர்: தாமதமாக மின்னும் ஜூனியர் ஹாக்கி வீரர்களை எடைபோடுவது எப்படி?

ஜூனியர் ஐஸ் ஹாக்கியில் ஒரு முன்கள வீரர் நூறு பாயிண்டைத் தாண்டிவிட்டால் பேச்சு கிளம்பிவிடும். கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிசெய்த பாஸுக்கு ஒன்று என்று சேரும் கணக்கு அது. அதை அவர் எந்த வயதில் எடுத்தார் என்பதுதான் என் முதல் கேள்வி. கனடாவின் முக்கிய ஜூனியர் லீகுகளில் 16 முதல் 20 வயது வரையுள்ளவர்கள் ஆடுகிறார்கள். வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான என்ஹெச்எல்லின் அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு 18 வயதில் வரும். அப்போது யாரும் எடுக்காமல் விட்டு, ஓரிரு ஆண்டு கழித்து மின்னுகிறவரை நம்பலாமா?

இதை அலச 2014-15 பருவத்தின் பேரி கோல்ட்ஸ் அணியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒன்டாரியோ லீகில் ஆடிய அந்த ஓர் அணியில் மூன்று பேர் நூறைத் தாண்டினார்கள். ஜோசப் பிளாண்டிசி 112, கெவின் லபாங்க் 107, ஆண்ட்ரூ மாஞ்சியபானே 104. மூவரும் டிராஃப்டில் ஆறாவது சுற்று ஆட்கள், வெவ்வேறு ஆண்டுகளில். பாயிண்டை மட்டும் பார்த்தால் பிளாண்டிசிதான் முதலிடம். 52 கோல் வேறு.

ஆனால் அவருக்கு அப்போது 20 வயது, மற்ற இருவரும் அந்தப் பருவத்தை 18 வயதில் தொடங்கியவர்கள். இருபது வயதுக்காரர் எதிரே நிற்பவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. உடல் வலுவிலும் அனுபவத்திலும் அவருக்கு இருக்கும் சாதகம் பாயிண்டாக மாறிவிடும். ஒரு ஜூனியர் அணி மூன்று இருபது வயதுக்காரர்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்ற விதியே அந்தச் சாதகத்தை ஒப்புக்கொள்வதுதான். எட்டு பாயிண்ட் வித்தியாசம் இரண்டு வயது இடைவெளிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பிளாண்டிசி என்ஹெச்எல்லில் நூறு ஆட்டங்களுக்குப் பக்கம் ஆடினார், நிரந்தர இடம் கிடைக்கவில்லை. மாஞ்சியபானே 2021-22இல் என்ஹெச்எல் அணியான கேல்கரிக்காக 35 கோல் அடித்தார்.

சரி, மாஞ்சியபானேயும் லபாங்கும்? இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். முந்தைய பருவத்தில் மாஞ்சியபானே 51 பாயிண்ட், லபாங்க் 35. ஆனாலும் 2014 டிராஃப்டில் லபாங்கின் பெயர்தான் வந்தது, 171ஆவது இடத்தில். மாஞ்சியபானேயை எவரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு 166ஆவதாகக் கேல்கரி எடுத்தது. லபாங்க் மோசமான தேர்வு இல்லை. 2018-19இல் சான் ஹோசேக்காக 56 பாயிண்ட் எடுத்தவர். ஆனால் அந்த 107இல் கோல் 31தான், மீதி 76ம் பாஸ். மாஞ்சியபானேவுக்கு 43 கோல். கோல் அடிப்பவரை நான் சற்று மேலே வைப்பேன். பாஸ் கணக்கில் பக்கத்தில் ஆடுபவரின் பங்கு கலந்திருக்கும், எதிரணி வீரர் தண்டனையாக வெளியே இருக்க ஓர் ஆள் கூடுதலாக ஆடும் பவர் பிளேயில் அது இன்னும் கூடும். அதனால் இரு பக்கமும் சம ஆட்களோடு நடக்கும் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

ஓராண்டில் 51இலிருந்து 104 என்ற தாவலை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவதும் தவறு. அதே பேரி அணியின் டேனர் பியர்சன் இரண்டு டிராஃப்டில் விடுபட்டவர். 2011-12இல் 60 ஆட்டத்தில் 91 பாயிண்ட் எடுத்தார், லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அவரை முதல் சுற்றிலேயே, 30ஆவதாக எடுத்தது. 2014இல் அந்த அணியோடு என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும் வென்றார். தாவலுக்குக் காரணம் வளர்ந்த உடலா, கூடிய வேகமா, கூடுதல் ஆட்ட நேரமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் அடுத்த லீகுக்கும் கூடவே வரும்.

இதையெல்லாம் சொல்லி இருபது வயதுக்காரரை ஒதுக்கிவிடவும் முடியாது. டைலர் ஜான்சன் ஸ்போகேன் ஜூனியர் அணியில் 115 பாயிண்ட் எடுத்தபோது வயது 20. யானி கூர்டு விக்டோரியாவில்லில் 124 எடுத்தபோதும் 20தான். இருவரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர்கள், உயரம் குறைந்தவர்கள். ஜான்சன் சீக்கிரம் மேலே வந்தார். கூர்டு சிறு லீகுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார், 2017-18இல்தான் என்ஹெச்எல்லில் முழுப் பருவம் கிடைத்தது, 25 கோல் அடித்தார். இருவரும் டாம்பா பே அணியில் 2020, 2021 ஸ்டான்லி கோப்பைகளை வென்றார்கள். மறுபக்கம் கோரி லாக். ஒட்டாவா 67'ஸ் அணியில் 2002-03இல் 151 பாயிண்ட், அதுவும் 18 வயதில். என்ஹெச்எல்லுக்கு அடுத்த படியான அமெரிக்கன் ஹாக்கி லீகின் சிறந்த வீரர் விருதும் பின்னாளில் வாங்கினார். என்ஹெச்எல்லில் ஆடியது 9 ஆட்டம். இளவயதுப் பாயிண்டும் உறுதிச்சீட்டு இல்லை.

அப்புறம் செலவு. ஓராண்டு தாமதமானவரை எடுக்க ஒரு டிராஃப்ட் தேர்வு போகும், ஆனால் பேரி மூவர் காலத்து விதிப்படி ஒப்பந்தம் போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. பிளாண்டிசியை 2012இல் எடுத்த கொலராடோ அப்படித்தான் ஒப்பந்தம் போடாமல் அவரை விட்டது, பிறகு நியூ ஜெர்சி ஒப்பந்தம் போட்டது. டிராஃப்ட் வயதைக் கடந்தவருக்குத் தேர்வு செலவில்லை. ஆனால் ஓர் அணிக்கு உள்ள 50 ஒப்பந்த இடங்களில் ஒன்று உடனே போய்விடும். ஆறாவது சுற்றுத் தேர்வு கையில் இருந்தால் நான் மாஞ்சியபானே மாதிரி ஆளுக்கே தருவேன். கூர்டு மாதிரி ஒருவர் கண்ணில் பட்டால் முதலில் சிறு லீக் ஒப்பந்தம் தந்து, வளர்ந்த ஆண்களுக்கு எதிரே ஒரு பருவம் அவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்தைக் கொடுப்பேன்.